கொஞ்சமும் கொஞ்சம்தானும்

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம். திருத்தணி மலையடிவாரத்தில் காவடிக் கூட்டம் வடிந்து, தெருவெல்லாம் பூச்சருகாகக் கிடந்தது. மாலை டியூஷனுக்கு வந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: “சார், ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்.”

“ரொம்ப சந்தோஷம்மா. அப்ப நீ வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

அவள் விழித்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. அவள் சொல்ல வந்தது, ‘எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன’. ஆங்கிலத்தில் அவள் சொல்லிவிட்டது, ‘எனக்குச் சந்தேகம் என்று பெரிதாக எதுவும் இல்லை’. நடுவில் தொலைந்தது ஒரே ஒரு எழுத்து. ‘எ ஃபியூ டவுட்ஸ்’ என்றிருக்க வேண்டும். (‘டவுட்’ என்பதையே நாம் ‘கேள்வி’ என்ற பொருளில்தான் புழங்குகிறோம். ஓர் இங்கிலாந்துக்காரர் அந்த இடத்தில் ‘க்வெஸ்சன்ஸ்’ என்பார். அந்த வழக்கை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.)

இந்தத் தவறை ப்ளஸ் ஒன் பிள்ளைகள் மட்டும் செய்வதில்லை. விடுப்புக் கடிதத்தில், அலுவலக மின்னஞ்சலில், கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்க்கிறேன். எஸ்.எஸ்.சி. தேர்விலும் வங்கித் தேர்விலும் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியில் அடிக்கடி வந்து மார்க்கைப் பறிப்பதும் இதுதான். விதியை எல்லோரும் படித்திருக்கிறார்கள். எழுதும்போது மட்டும் அந்த ‘எ’ நழுவிவிடுகிறது. ஏன் நழுவுகிறது என்று தெரிந்தால் பிடித்து நிறுத்துவது சுலபம்.

நம் காதில் அது விழுவதே இல்லை என்பது முதல் காரணம். எழுத்தில் அது ‘எ’. வாயிலோ அழுத்தமே இல்லாத ஒரு முனகல், ‘அ’வுக்குப் பக்கத்தில் வரும் ஒலி. ஆங்கிலேயர் பேச்சில் அது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அந்த ‘எ’ செய்யும் வேலையை நாமும் செய்கிறோம். ஆனால் வேறு இடத்தில் வைத்துச் செய்கிறோம்.

வீட்டில் விருந்தாளி. அடுப்படியிலிருந்து அம்மா கேட்கிறார், “மோர் இருக்கா பாரு.” நீங்கள் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். “கொஞ்சம் இருக்கும்மா” என்று சொல்லலாம். “கொஞ்சம்தான் இருக்கும்மா” என்றும் சொல்லலாம். பாத்திரத்தில் இருக்கும் மோர் இரண்டு பதிலுக்கும் ஒரே அளவுதான். முதல் பதிலைக் கேட்ட அம்மா, இன்னொரு இலை போடச் சொல்வார். இரண்டாவது பதிலைக் கேட்டால், உங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்.

அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதுதான் விஷயம். ‘எ லிட்டில் பட்டர்மில்க்’ என்றால் கொஞ்சம் இருக்கு. ‘லிட்டில் பட்டர்மில்க்’ என்றால் கொஞ்சம்தான் இருக்கு. ஆங்கிலம் அளவுச் சொல்லுக்கு முன்னால் ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ காட்டும் வேறுபாட்டை, தமிழ் அதே சொல்லின் வாலில் ஒன்றை ஒட்டிக் காட்டுகிறது. அவர்களுக்குத் தலை, நமக்கு வால். இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே ‘எ’ வந்தால் ‘இருக்கு’. நமக்குத் ‘தான்’ வந்தால் ‘இல்லாத குறை’. அதாவது, நாம் ஒன்றைச் சேர்க்கும் இடத்தில் அவர்கள் ஒன்றை எடுக்கிறார்கள். தமிழை அப்படியே மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதுகிறவருக்கு இது தலைகீழாகத்தான் போகும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ஒருவகையில் எளிது. திருத்தணியில் பல வீடுகளில் தெலுங்கும் பேச்சுமொழி. மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்தோடு போய், எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. கடைத்தெருவில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மொழியும் வந்து போகும். தெலுங்கு பேசும் பிள்ளையிடம் மோர்ப் பாத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். “கொஞ்செம் உந்தி” என்பது ஒன்று, “கொஞ்செமே உந்தி” என்பது இன்னொன்று. அங்கேயும் வால்தான், ஓர் ஏகாரம். தமிழிலும் ‘கொஞ்சமே’ உண்டு, ‘சிலரே’ உண்டு. ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன ஐந்து வேலைகளில் பிரிநிலை ஒன்று. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து ‘இது மட்டும்’ என்று காட்டுவது. ‘சிலரே வந்தனர்’ என்று எழுதும்போது, வராத பலரைப் பற்றித்தான் உண்மையில் பேசுகிறோம். ‘ஃபியூ’வும் அப்படித்தான், வராதவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களை எண்ணும்.

ஆக, எழுதும் முன் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘தான்’, ‘மட்டும்’, ‘ஏ’ எதுவுமே இல்லாமல் இயல்பாக வந்தால், ஆங்கிலத்தில் ‘எ’ போடுங்கள். ‘சந்தேகம் கொஞ்சம் இருக்கு சார்’. எனவே ‘எ ஃபியூ டவுட்ஸ்’.

ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இதை வேறு விதமாகச் சொல்லும். 1930களில் வெளிவந்து இன்றும் இந்தியப் பள்ளிகளை விட்டுப் போகாத புத்தகம் அது; எழுதிய இருவரில் பி.சி. ரென் நாவலாசிரியரும்கூட. அதன்படி ‘ஃபியூ’ எதிர்மறை, ‘எ ஃபியூ’ உடன்பாடு. தவறில்லை. ஆனால் அது வகுப்பறையில் வாய்மாறி வாய்மாறி, ‘ஃபியூ என்றால் கெட்டது, எ ஃபியூ என்றால் நல்லது’ என்று ஆகிவிட்டது. இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நேராகக் குழியில் போய் விழுகிறார்கள்.

ஒரு பையனின் விடைத்தாளைத் திருத்திவிட்டு ஆசிரியர், ‘ஹீ மேட் ஃபியூ மிஸ்டேக்ஸ்’ என்று எழுதுகிறார். அது பாராட்டு. தப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்று பொருள். ‘ஹீ மேட் எ ஃபியூ மிஸ்டேக்ஸ்’ என்று எழுதினால், ‘அங்கங்கே தப்பு விட்டிருக்கான், பாருங்க’ என்று அப்பாவிடம் போட்டுக்கொடுப்பது. ‘எ’ இல்லாததே இங்கே நல்ல செய்தி. ஆகவே நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள். ‘இல்லை’ப் பக்கம் சாய்கிறதா, ‘இருக்கு’ப் பக்கம் சாய்கிறதா என்று மட்டும் பாருங்கள். தராசு முள் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. தட்டில் இருப்பது வெல்லமா வேப்பங்காயா என்பதல்ல.

இதற்கு ஓர் உரைகல்லும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசியில் ஒரு குட்டிக் கேள்வியை ஒட்டுவார்களே, ‘வந்தாங்க, இல்லையா?’ என்பதுபோல. வாக்கியம் உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறையாக வரும். வாக்கியம் எதிர்மறையாக இருந்தால் வால் உடன்பாடாக வரும். ‘எ ஃபியூ பீப்பிள் கேம், டிடின்ட் தே?’ என்பது சரி. ‘எ’வை எடுத்துவிட்டால், ‘ஃபியூ பீப்பிள் கேம், டிட் தே?’ என்று வால் மாறிவிடும். ‘நாட்’ என்ற சொல்லே இல்லாத ஒரு வாக்கியத்தை, ஆங்கில இலக்கணம் ‘இல்லை’ வாக்கியமாக நடத்துகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், இந்த வாலைக் கேட்பார்கள்.

இப்போது மலையேறலாம். திருத்தணிக் கோயிலுக்கு 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று என்ற கணக்கு. டிசம்பர் 31 இரவு படித்திருவிழா. படிக்குப் படி பூஜை, திருப்புகழ்ப் பாட்டு. ஆங்கிலப் புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைமார் வாசலில் போய் நின்று வாழ்த்துச் சொல்லும் வழக்கம் இருந்த காலத்தில், துரைக்கெல்லாம் துரை இங்கே மலைமேல் இருக்கிறான், அவனை முதலில் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது என்று சொல்வார்கள். துரைக்கு வணக்கம் சொல்வதை நிறுத்த எழுந்த திருவிழா நடக்கும் அதே ஊரில், துரை மொழியின் ஓர் எழுத்துக்காக நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்!

முந்நூற்று நாற்பதாவது படியில் பாட்டி மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். பேரன் சொல்கிறான், “இன்னும் கொஞ்சம்தான் ஆயா, வந்துட்டோம்.” தமிழில் ‘தான்’ இருக்கிறது. எனவே ‘எ’வை எடுத்துவிட்டு ‘ஃபியூ ஸ்டெப்ஸ் ஆர் லெஃப்ட்’ என்று எழுதலாமா? எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பாட்டிக்கு ஆறுதல் சொல்லும் குரல் அதில் வராது. ஏதோ படிகள் தீர்ந்துபோய்க்கொண்டிருப்பதாக அறிக்கை படிப்பதுபோல் இருக்கும். இங்கே ஆங்கிலம் இன்னொரு வழி வைத்திருக்கிறது. ‘எ’வை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் முன்னால் ‘ஒன்லி’ அல்லது ‘ஜஸ்ட்’ சேர்ப்பது. ‘ஒன்லி எ ஃபியூ ஸ்டெப்ஸ்’, ‘ஜஸ்ட் எ ஃபியூ மோர் ஸ்டெப்ஸ்’. நம் ‘தான்’ அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘ஒன்லி ஃபியூ’ என்று எழுதாதீர்கள். ‘ஒன்லி’ வந்தால் ‘எ’ கூடவே வரும். ‘வெரி’ வந்தால் பெரும்பாலும் ‘எ’ வராது. ‘ஒன்லி எ ஃபியூ’, ‘வெரி ஃபியூ’. இதற்குக் காரணம் தேடி நேரத்தை விரயமாக்க வேண்டாம், மனப்பாடம் போதும்.

இன்னொரு படி மேலே போய் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘எ’ இல்லாத வெறும் ‘ஃபியூ’வையும் வெறும் ‘லிட்டில்’லையும் இன்றைய ஆங்கிலப் பேச்சில் அவ்வளவாகக் கேட்க முடியாது. அவை எழுத்து நடை. பத்திரிகைக் கட்டுரையிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் பொருந்தி வரும். வீட்டில் மோர் குறைவாக இருந்தால் ஆங்கிலம் பேசுகிறவர், ‘தேர் இஸின்ட் மச்’ என்பார், கூட்டம் குறைவு என்றால் ‘நாட் மெனி பீப்பிள் கேம்’ என்பார். நாமும் அப்படித்தானே? “ஜனம் அதிகம் இல்லை” என்கிறோமே தவிர, “சிலரே வந்தனர்” என்று திண்ணையில் உட்கார்ந்து யாரும் பேசுவதில்லை.

தமிழில் ‘ஃபியூ’வுக்கு நேர்ச் சொல் தேடி ‘சில’ என்று அகராதியைப் பார்த்து எழுதுவதால்தான் குழப்பம் வளர்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. மலைக்கோயிலுக்குத் திரளும் கூட்டம், கீழே நந்தியாற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலைக் கண்டுகொள்வதில்லை. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் அபராஜிதவர்மன் காலத்தில் எழுந்த கற்றளி, யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை. கோயில் கட்டடக்கலை படிப்பவர்கள் தேடி வருவார்கள். ‘ஃபியூ பில்கிரிம்ஸ் கோ தேர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘சில பக்தர்கள் அங்கே போகிறார்கள்’ என்றால் பொருள் கெட்டது. ‘அங்கே போகிறவர்கள் குறைவு’ என்போம். பார்த்தீர்களா, ஆங்கிலத்தில் முதல் சொல்லாக நின்றது தமிழில் கடைசிச் சொல்லாகப் போய், வாக்கியத்தையே முடித்துவைக்கிறது. மறுபடியும் வால். ‘குறைவு’, ‘அரிது’, ‘அதிகமில்லை’ என்று நம் வாக்கியம் முடியுமானால், அங்கே ஆங்கிலத்தில் ‘எ’ இல்லாத ‘ஃபியூ’. அந்தக் கோயிலையே ‘எ லிட்டில்-நோன் டெம்பிள்’ என்று சொல்லலாம். கவனம், அந்த ‘எ’ கோயிலுக்கு உரியது, ‘லிட்டில்’லுக்கு அல்ல. ‘லிட்டில்-நோன்’ என்றால் பலர் அறியாதது.

சரி, ‘ஃபியூ’ எப்போது, ‘லிட்டில்’ எப்போது? எண்ண முடிந்தால் ‘ஃபியூ’, எண்ண முடியாமல் அளக்க மட்டுமே முடிந்தால் ‘லிட்டில்’. இது எல்லோருக்கும் தெரியும். தெலுங்கில் ‘கொன்னி’, ‘கொந்த’ என்றும், எழுத்துத் தமிழில் ‘சில’, ‘சிறிது’ என்றும் நமக்கே இந்தப் பிரிவு இருக்கிறது. பேச்சுத் தமிழ்தான் இரண்டையும் ‘கொஞ்சம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. ‘கொஞ்சம் பேர்’, ‘கொஞ்சம் தண்ணி’, ‘கொஞ்சம் பூ’. அதனால் ஒரு சின்னத் தடுமாற்றம், அவ்வளவே.

பெரிய தடுமாற்றம் எது எண்ணத்தக்கது என்பதில். நாம் எண்ணுகிற பலவற்றை ஆங்கிலம் எண்ண மறுக்கிறது. மொட்டை போடும் இடத்திலிருந்தே தொடங்கலாம். தலைமுடி முழுவதும் ‘ஹேர்’, ஒருமை, எண்ண முடியாதது. ‘ஹிஸ் ஹேர்ஸ்’ என்று எழுதக்கூடாது. ஆனால் காதோரம் நரைத்த நாலு முடியைச் சொல்லும்போது ‘எ ஃபியூ க்ரே ஹேர்ஸ்’ சரி, ஏனென்றால் அங்கே இழை இழையாக எண்ணுகிறோம். ‘லக்கேஜ்’ எண்ண முடியாதது. நாலு பையும் ஒரு டிரங்குப் பெட்டியும் கண்முன்னே இருந்தாலும் ‘லக்கேஜஸ்’ கிடையாது. ‘எ லிட்டில் லக்கேஜ்’ அல்லது ‘எ ஃபியூ பேக்ஸ்’. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘ஹோம்வொர்க்’ எல்லாம் இந்தச் சாதி. ‘பிளீஸ் கிவ் மீ ஃபியூ இன்ஃபர்மேஷன்ஸ்’ என்ற வாக்கியத்தில் இரண்டு பிழை.

பணத்தில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். பணத்தை எண்ண முடியாதா? எண்ணத்தான் செய்கிறோம், ஆனால் எண்ணுவது ரூபாயை. ‘மனி’ என்ற சொல் தண்ணீர் மாதிரி. ‘ருப்பீஸ்’ என்பது குடம் மாதிரி. ‘எ லிட்டில் மனி’, ‘எ ஃபியூ ருப்பீஸ்’. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கத்துத் தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு நான் நூலையும் சேலையையும் சொல்லிப் புரியவைப்பேன். பாவில் ஓடும் நூல் ‘எ லிட்டில் யார்ன்’, அறுத்து மடித்து வைத்த சேலை ‘எ ஃபியூ ஸாரீஸ்’. ‘வொர்க்’ எண்ண முடியாதது, ‘ஜாப்’ எண்ணலாம். ‘டைம்’ இரண்டும். நேரம் என்றால் ‘எ லிட்டில் டைம்’, தடவை என்றால் ‘எ ஃபியூ டைம்ஸ்’.

எண்ணக்கூடிய பொருளுக்கு முன்னால் ‘எ லிட்டில்’ வந்தால் அது அளவையே சொல்லாது, உருவத்தைச் சொல்லும். ‘எ லிட்டில் ஹவுஸ்’ என்பது கொஞ்சம் வீடு அல்ல, குட்டி வீடு.

முத்துசாமி தீட்சிதர் கதை இந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. திருத்தணி மலையில் கண்மூடி அமர்ந்திருந்தவர் வாயில் ஒரு முதியவர் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்றும், அதன் பிறகே முதல் கீர்த்தனை பிறந்தது என்றும் சொல்வார்கள். வகுப்பில் ஒருவன் கேட்டான், “சார், கற்கண்டு எ லிட்டிலா, எ ஃபியூவா?” நல்ல கேள்வி. கற்கண்டு என்ற பொருள் எண்ண முடியாதது, ‘எ லிட்டில் ஷுகர் கேண்டி’. கட்டிகளாக எண்ணினால் ‘எ ஃபியூ பீஸஸ் ஆஃப் ஷுகர் கேண்டி’. எண்ண முடியாததை எண்ண வேண்டுமென்றால் ஒரு கலத்தையோ துண்டையோ முன்னால் வைக்க வேண்டும். நாமும் ‘ஒரு வாய் தண்ணி’, ‘ஒரு சிட்டிகை உப்பு’, ‘ஒரு கை அரிசி’ என்றுதானே சொல்கிறோம்.

இங்கே பிள்ளைகள் நியாயமாக ஒன்று கேட்பார்கள். ‘எ’ என்றால் ஒன்று. ‘ஃபியூ’வுக்குப் பின்னால் வருவதோ பன்மை. ஒன்றுக்கும் பன்மைக்கும் எப்படி ஒத்துப்போகும்? பதில் நம் வாயிலேயே இருக்கிறது. ‘ஒரு நாலு பேர் வந்தாங்க’, ‘ஒரு பத்து ரூபா குடு’. நாலுக்கு முன்னால் ஏன் ‘ஒரு’? அந்த நாலையும் ஒரு சிறு கட்டாகக் கட்டி, ஏறக்குறைய இவ்வளவு என்று காட்டுகிறோம். ‘எ ஃபியூ’வில் இருக்கும் ‘எ’வும் அந்த மாதிரிக் கயிறுதான். ஆனால் ‘ஒரு சில’ என்ற நம் தொடரை ‘எ ஃபியூ’வுக்கு நேராக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஒரு சிலர்தான் உதவினார்கள்’ என்று, அது பெரும்பாலும் குறைவுப் பக்கமே சாயும்.

‘தி’ சேர்ந்தால் மூன்றாவது நிலை. ‘தி லிட்டில் மனி ஐ ஹேட்’. இதற்கு அருமையான தமிழ்ச் சொல் ஒன்று உண்டு, ‘கொஞ்சநஞ்சம்’. ‘இருந்த கொஞ்சநஞ்சக் காசையும் செலவழிச்சுட்டான்.’ அளவு குறைவு, ஆனால் இருந்தது முழுவதும் அதுதான், அத்தனையும் போய்விட்டது. ‘ஹீ ஸ்பென்ட் தி லிட்டில் மனி ஹீ ஹேட்’. எண்ணக்கூடியது என்றால் ‘தி ஃபியூ’. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வானைக் காத்த விமானிகளைப் பற்றி 1940 ஆகஸ்ட் 20 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சில் ‘ஃபியூ’ என்று குறிப்பிட்டார். அன்றிலிருந்து அந்த விமானிகளுக்கே ‘தி ஃபியூ’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அவ்வளவு சின்னச் சொல்லுக்கு அவ்வளவு கனம்.

மூன்றையும் ஒன்றாகப் பார்க்க இந்த ஊர் எல்லைக் கதையே போதும். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்குப் போராடினார்கள். கேட்டது திருப்பதி வரை. கிடைத்தது திருத்தணிப் பகுதி. ‘வி காட் எ ஃபியூ ப்ளேஸஸ்’ என்றால், பரவாயில்லை, கொஞ்சமாவது மீட்டோம் என்று நிமிர்வது. ‘வி காட் ஃபியூ ப்ளேஸஸ்’ என்றால், கேட்டதற்குக் கிடைத்தது அற்பம் என்று நொந்துகொள்வது. ‘தி ஃபியூ ப்ளேஸஸ் வி காட்’ என்றால், கிடைத்த அந்தச் சில இடங்கள் என்று கைகாட்டுவது. அதன் பிறகு ஏதாவது சொல்லி வாக்கியத்தை முடித்தாக வேண்டும். வரைபடம் ஒன்றே. எழுதுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை ஓர் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

இதைவிட ஆபத்தானது ‘குவைட் எ ஃபியூ’. நம் பிள்ளைகள் இதை ‘ரொம்பவே கொஞ்சம்’ என்று படிக்கிறார்கள். பொருள் நேர் எதிர், ‘கணிசமான பேர்’. ‘குவைட் எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் கூட்டம் நன்றாகவே இருந்தது. ‘நாட் எ ஃபியூ’வும் அதே. ‘நாட் எ லிட்டில்’ என்பதற்கு நம்மிடம் தயாராகவே ஒன்று இருக்கிறது: ‘அவ பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல.’ சின்னச் சொல்லை மறுத்துப் பெரிசைச் சொல்லும் வித்தை நமக்குப் புதிதல்ல.

நமக்கு மட்டுமே உரிய ஒரு ‘கொஞ்சம்’ இருக்கிறது, அதை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணி வரும் மின்சார ரயில். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆள் நெருங்கி, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்” என்பார். அரை அடி தள்ளச் சொல்கிறாரா, ஓரடியா? அந்தக் ‘கொஞ்சம்’ அளவே அல்ல. அது மரியாதை, ‘தயவுசெய்து’வின் வீட்டுப் பெயர். “கொஞ்சம் இங்க வர்றீங்களா” என்பதற்கு யாரும் பாதி தூரம் வந்து நிற்பதில்லை. அதை அப்படியே ‘லிட்டில் அட்ஜஸ்ட் ப்ளீஸ்’, ‘கம் லிட்டில்’ என்று பெயர்த்தால் நம் ரயிலில் வேலை நடக்கும், லண்டன் ரயிலில் நடக்காது. அங்கே ‘குட் யூ மூவ் எ லிட்டில், ப்ளீஸ்?’ என்று கேட்கலாம். ‘குட் யூ’வில்தான் பணிவு இருக்கிறது, ‘எ லிட்டில்’லில் இல்லை.

‘ஃபியூவர்’, ‘லெஸ்’ சண்டையை விரைவாகக் கடந்துவிடலாம். எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூவர்’, மற்றதற்கு ‘லெஸ்’ என்பது பள்ளி விதி. இது வேதவாக்கு ஒன்றுமில்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே ஆல்ஃபிரட் மன்னர் எண்ணக்கூடியதற்கும் ‘லெஸ்’ஸின் பழைய வடிவத்தை எழுதியிருக்கிறார். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், ‘ஃபியூவர்’ போட்டால் நன்றாக இருக்கும் என்று தன் விருப்பமாகச் சொன்னது, பிறகு வந்தவர்கள் கையில் சட்டமாகிவிட்டது. பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்றிருந்த பலகையைப் பற்றி இலக்கணக்காரர்கள் முணுமுணுக்க, 2008இல் ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்ற நிறுவனம் முடிவெடுத்தது. ‘லெஸ்’ஸும் வேண்டாம் ‘ஃபியூவரும்’ வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது கடைக்காரர் மூளை. தேர்வு எழுதுகிறவர்கள் விதியைப் பின்பற்றுங்கள். ஆனால் தூரம், நேரம், பணம் மூன்றுக்கும் எண் வந்தாலும் ‘லெஸ்’தான். சென்னைக்கு ‘லெஸ் தேன் 100 கிலோமீட்டர்ஸ்’. படிகள் என்றால் ‘ஃபியூவர் தேன் 365 ஸ்டெப்ஸ்’.

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று, தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைதான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்பால்டிங் பேராசிரியராக இருந்து, அந்த ஊர்க்காரர்களுக்கே அவர்கள் மொழியில் நம் தத்துவத்தைச் சொல்லிக்கொடுத்தார். 1962இலிருந்து அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினம். ஒவ்வோர் ஆண்டும் அன்று மாணவர்கள் கொண்டுவரும் வாழ்த்து அட்டையில், ‘வி நோ லிட்டில் இங்கிலீஷ் பிகாஸ் ஆஃப் யூ’ என்று ஒன்றாவது இருக்கும். உங்களால்தான் எங்களுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிகிறது என்று சொல்ல வந்த பிள்ளைகள். எழுதியிருப்பதோ, உங்களால்தான் எங்களுக்கு ஆங்கிலமே வரவில்லை என்று. அட்டையை அலமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகை வாரத்தில் வந்த அந்தப் பெண், மறுநாள் ஒரு விடுப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா கல்யாணம், ஊர் நகரி. ‘கைண்ட்லி க்ரான்ட் மீ ஃபியூ டேஸ் லீவ்’ என்று எழுதி, அவளே ‘ஃபியூ’வுக்கு முன்னால் ஒரு கூரைக்குறி போட்டு ‘எ’வை மேலே செருகியிருந்தாள்.

“இது இல்லேன்னா லீவே குடுத்திருக்க மாட்டாங்க இல்ல சார்?”

“குடுத்திருப்பாங்கம்மா. படிக்கிறவங்களும் நம்ம ஊர்க்காரங்கதானே” என்றேன். ‘டேஸ்’ என்பதற்கு மேல் ஒரு காற்புள்ளி தொங்க வேண்டும் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை.